முதுநிலை நியூமெரிக்கல் லீனியர் அல்ஜீப்ரா (அணிக் கணக்குகளைக் கணினியில் தீர்க்கும் பாடம்): உங்கள் பார்வையை மாற்றிய கணக்கு எது?

எனக்கு ஹில்பர்ட் அணி. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று எளிய பின்னங்கள்தான் அதன் உறுப்புகள். பார்த்தால் பயமே வராது. 14 வரிசை (14×14) ஹில்பர்ட் அணியை, எல்லா உறுப்பும் 1 ஆக உள்ள வெக்டரால் பெருக்கி வலப்பக்கத்தை உண்டாக்கினோம். இப்போது அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்துப் பாருங்கள் என்றார் பேராசிரியர். வந்த விடையில் சில எண்கள் 1-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அதே விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டால் வலப்பக்கம் கிட்டத்தட்ட 15 இலக்கம் வரை பொருந்துகிறது!

கணினி தப்பாகப் போட்டதா என்றால், இல்லை. கொடுத்த அணிக்கு மிக மிக அருகில் உள்ள வேறோர் அணிக்கு இது சரியான விடை. கணித அறிஞர் வில்கின்சன் வளர்த்தெடுத்த பேக்வர்ட் எரர் பார்வை இதுதான். இந்த அணியின் கண்டிஷன் நம்பர் (உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்ற அளவு) 12 வரிசையிலேயே 10-இன் 16ஆம் அடுக்கைத் தாண்டிவிடுகிறது. கணினி எண்களைச் சேமிக்கும் வழக்கமான டபுள் பிரிசிஷனில் இருப்பதே சுமார் 16 இலக்கம். அப்புறம் விடையில் என்ன மிஞ்சும்? அல்காரிதத்தின் குறை வேறு, கணக்கின் குணம் வேறு என்பது அன்றுதான் பிடிபட்டது.

* * *

மேலே நண்பர் சொன்னது முதல் மாதப் பாடம். என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வந்த லான்சோஸ் முறை. ஓர் அணி சில வெக்டர்களின் கோட்டை மாற்றாமல் வெறும் ஓர் எண்ணால் பெருக்கும்; அந்த எண்தான் ஐகன் மதிப்பு, அந்த வெக்டர் ஐகன் வெக்டர். அந்த மதிப்புகளைக் கண்டுபிடிக்கும் வழி இது. 1950-இல் வந்த முறை இது. சமச்சீர் அணியை ஒரு வெக்டரால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அடியிலும் கடைசி இரண்டு வெக்டர்கள் கையில் இருந்தால் போதும். தாளில் எழுதினால் எல்லா வெக்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்து. கணினியில் ஓட்டினால் ஒரே ஐகன் மதிப்பு இரண்டாவது, மூன்றாவது தடவையும் முளைக்கிறது, அணியில் அது ஒன்றுதான் என்று நமக்குத் தெரிந்திருந்தும். இந்தப் போலிகளால்தான் பல ஆண்டுகள் இந்த முறையை நம்பத் தயங்கினார்கள்.

1971-இல் பெய்ஜ் தன் ஆய்வேட்டில் காரணத்தைக் காட்டினார். ரவுண்டிங் பிழை கண்டபடி சேர்ந்து செங்குத்துத் தன்மையைக் கெடுப்பதில்லை. ஓர் ஐகன் மதிப்பு நன்றாகக் குவிந்த பிறகுதான், அதன் ஐகன் வெக்டர் இருக்கும் திசையில்தான் கெடுகிறது. வீட்டுப்பாடத்தில் இரண்டு வளைகோடுகளை லாக் அளவில் வரையச் சொன்னார்கள்: ஐகன் மதிப்பின் பிழை வரம்பு ஒன்று, செங்குத்து இழப்பு இன்னொன்று. ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறுகிறது. இரண்டின் பெருக்கற்பலன் ஏறக்குறைய மெஷின் எப்சிலான் (கணினி எண்களை ரவுண்ட் செய்யும்போது வரும் சிறு பிழையின் அளவு) அளவிலேயே நிற்கிறது. பிழைக்குள் இவ்வளவு ஒழுங்கா என்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாடத்திலேயே மிக அழகான முடிவு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

எல்லாப் பழைய வெக்டர்களோடும் மறுபடி செங்குத்தாக்கினால் போலிகள் வராது, ஆனால் நினைவகம் தின்னும். குவிந்த திசைகளை மட்டும் நீக்கினால் போதும் என்ற பார்லெட், ஸ்காட் வழி 1979-இல் வந்தது. பெய்ஜின் முடிவைப் புரிந்துகொண்டால் அது தானாகவே தோன்றும் யோசனை போலத் தெரிகிறது.

* * *

என் பங்குக்குச் சுருக்கமாக ஒன்று. பார்ஷியல் பிவட்டிங்கோடு (ஒவ்வொரு அடியிலும் நெடுவரிசையின் மிகப் பெரிய உறுப்பை மேலே கொண்டுவந்து) சமன்பாடுகளைத் தீர்க்கும் காஸ் நீக்கல் செய்தால் உறுப்புகள் ஒவ்வொரு அடியிலும் இரட்டிப்பாகும்படி ஓர் அணி உண்டு. 60 வரிசையில் கடைசி உறுப்பு 2-இன் 59ஆம் அடுக்கு. இலக்கங்கள் மொத்தமும் போய்விடும். இருந்தும் நடைமுறையில் எல்லோரும் இந்த முறையைத்தான் நம்புகிறார்கள், அதுவும் சரியாகவே ஓடுகிறது. ஏன் என்று கேட்டதற்கு, ‘அப்படிப்பட்ட அணிகள் மிக அரிது, ஆனால் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு முழு விளக்கம் இல்லை’ என்று எங்கள் பேராசிரியர் நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அடுத்த பருவத்திலும் அவர் வகுப்பை எடுத்தேன்.

ஜிஎம்ரெஸ் (பெரிய சமன்பாடுகளின் விடையைப் படிப்படியாக நெருங்கும் முறை) நடுவில் அசையாமல் நின்றுபோன அனுபவம் இருப்பவர்கள், எந்த ப்ரீகண்டிஷனர் (சமன்பாட்டைத் தீர்க்க எளிதாக மாற்றும் உத்தி) கைகொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.