வேக் குழாயில் திடீரென ரத்தம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

இரவு டூட்டி
வேக் டிரெஸ்ஸிங் (புண்ணில் ஸ்பஞ்ச் வைத்து, மேலே பிலிம் ஒட்டி மூடி, குழாய் வழியே மெஷினால் கசிவை உறிஞ்சுவது) இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். தொடையிடுக்கில் ரத்தக்குழாய் பைபாஸ் செய்த புண், சீழ் பிடித்துப் பிரிந்திருந்தது. கறுப்பு ஸ்பஞ்ச், மெஷின் 125 மி.மீ. பாதரச உறிஞ்சு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள், இரவு இரண்டு மணி இருக்கும். கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த நோயாளியின் மனைவி வந்து, "சிஸ்டர், பைப்புல பீட்ரூட் தண்ணி மாதிரி போகுது" என்றார். இளஞ்சிவப்பாக நீர் வருவது வழக்கம்தானே, சாவகாசமாகத்தான் எழுந்து போனேன். பீட்ரூட் தண்ணி இல்லை. பளீரென்ற சிவப்பு, துடித்துத் துடித்துக் குழாயில் ஏறுகிறது. மெஷினை நிறுத்தினேன். அடுத்து என் கை தானாக பிலிமை உரிக்கப் போனது. "பிரிக்காதே, அழுத்து!" என்று பின்னாலிருந்து சீனியர் கத்தினார். ஸ்பஞ்சுக்கு மேலேயே இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தியேட்டர் வரை ட்ராலியோடு ஓடினேன். ஆள் பிழைத்துவிட்டார். சர்ஜன் தொடைத் தசையைத் திருப்பி ரத்தக்குழாய் மேல் போட்டு மூடினார். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க நான் யார்? எனக்கு உறுத்துவது உரிக்கப் போன அந்தக் கைதான்.

சர்க்கரைக்காரர் மகன்
அப்பாவுக்குக் காலில் புண். பெரிய ரத்தக்குழாய் எதுவும் வெளியே தெரியவில்லை. மூன்று நாள் மாற்றாமல் விட்டதில் ஸ்பஞ்ச் சதையோடு ஒட்டிவிட்டது. இளம் டாக்டர் ஒரே இழுப்பு இழுத்தார். "கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறீங்களே தம்பி" என்றார் அப்பா. ரத்தம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்று அப்புறம்தான் கேட்டார்கள். அடுத்த முறை சலைன் ஊற்றி ஊறவிட்டு, அடியில் பாராஃபின் காஸ் (மெழுகுப் பசை தடவிய, ஒட்டாத வலைத்துணி) விரித்தார்கள். வழுக்கிக்கொண்டு வந்தது.

ஓய்வுபெற்ற கத்தி
முதல் பதிவு போட்ட சகோதரிக்கு: மெஷின் மேல் பழி போடாதீர்கள். ரத்தக்குழாய் திறந்து தெரிகிற புண்ணில் ஸ்பஞ்சை நேரடியாக வைக்கக் கூடாது என்பது பால பாடம். உறிஞ்சுதல் மட்டும் ரத்தக்குழாயைக் கிழிப்பதில்லை. சீழ் அதன் சுவரை அரித்து வைத்திருக்கும். கதிர்வீச்சு வாங்கிய இடமென்றால் இன்னும் மோசம். பக்கத்தில் கூரான எலும்பு முனை இருந்தால் அதுவும் குத்தும். ஒற்றை அடுக்கு காஸ் விரித்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. தசையால் மூடுவதுதான் முதல் வழி. முடியாதபோது ஒட்டாத துணியைப் பல அடுக்காக, தடிமனாக, நகராதபடி வைக்க வேண்டும். 2009-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) இந்த மெஷின்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது நினைவிருக்கிறதா? இரண்டு ஆண்டில் 6 மரணம், 77 பேருக்குப் பாதிப்பு. அந்த ஆறிலும் ரத்தப்போக்கு. 2011-ல் கணக்கு 12 மரணம், 174 பாதிப்பு என்று ஏறியது. என் கதை இரண்டே வரி: மெஷின் வாங்க வழியில்லாத காலம், ஸ்பஞ்சும் ரைல்ஸ் டியூபும் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போடும் குழாய்) வைத்துச் சுவர் சக்‌ஷனில் மாட்டினோம். அதில் அலாரம் ஏது? விடிந்து பார்த்தால் ஜாடி முக்கால்வாசி சிவப்பு.

பெரியகுளத்து மருமகள்
சார், அந்த அக்கா மெஷினைக் குறையே சொல்லவில்லை. இன்னொரு தரம் படியுங்கள். நீங்கள் சொன்ன அந்த மரணங்களில் பெரும்பாலானவை வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ நடந்தவை, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாமியாரைச் சின்ன மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சிவப்பாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் வராதும்மா" என்றார்கள். மூன்று வாரமும் டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லைதான்.

இரவு டூட்டி
சண்டை வேண்டாம். சார் சொன்னதும் சரிதான். ஒன்று எழுத விட்டுப்போனது. டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா என்னிடம் வந்து, "நான் கொஞ்சம் முன்னாடியே பாத்துட்டேன் சிஸ்டர், நீங்க அசந்து கண்ண மூடியிருந்தீங்க, எழுப்ப மனசு வரல" என்றார்.