ஃபிஷ் ஃபைண்டர் திரையில் பெரிய மீன், வலையில் ஒண்ணுமில்லை: வஞ்சிரத்தையும் காரலையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

செருதூர் ஃபைபர்:
வேளாங்கண்ணிக்குப் பக்கம் செருதூர். அப்பாவோட ஃபைபர் படகை ரெண்டு வருஷமா நான் ஓட்டுறேன். கையில இருந்த காசையெல்லாம் போட்டு, போன மாசம் ஒரு பழைய ஃபிஷ் ஃபைண்டர் வாங்கினேன், தண்ணிக்குள்ள ஒலி அனுப்பித் திரும்பி வர்ற எதிரொலியைத் திரையில காட்டுற கருவி. சாதா சோனார், படகுக்கு நேர் கீழ நுணுக்கமாக் காட்டுற டவுன் இமேஜிங், ரெண்டு பக்கமும் காட்டுற சைடு இமேஜிங் மூணும் இருக்கு.

முந்தாநாள் சாயங்காலம் 8 பாகத் தண்ணியில (ஒரு பாகம் சுமார் ஆறடி), அடியிலேர்ந்து ஒண்ணரை பாகம் மேல, திரையில வரிசையா பெரிய மீன் படமா வந்துச்சு. அதுக்குக் கீழ நல்ல சிவப்புல ஒரு திட்டு. வஞ்சிரம்தான்னு நம்பிப் பெரிய கண்ணி வலையை விட்டோம். நாலு மணி நேரம் கழிச்சு இழுத்தா வெறும் வலை. அதே இடத்துல சின்னக் கண்ணி வலை விட்ட பக்கத்துப் படகு கூடை கூடையா காரல் அள்ளுச்சு. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் மனசு ஆறல, டீசல் விக்கிற விலைக்கு இன்னொரு தடவை இப்படி ஏமாற முடியாது. எந்த மீன்னு திரையைப் பார்த்துச் சொல்ல வழி இருக்கா? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

பழையார் எஞ்சின்:
தம்பி, மொதல்ல அந்த மீன் படத்தை அணைச்சு வை. அது கேமரா இல்ல. எதிரொலி தனியா வந்தா கருவியே ஒரு மீன் பொம்மையை அங்க ஒட்டிடும். எதிரொலி பலமா இருந்தா பெரிய பொம்மை, கம்மியா இருந்தா சின்னது. காரல் நெருக்கமா நாலஞ்சு சேர்ந்து நின்னாலும், நீர்க்குமிழி வந்தாலும், மிதக்குற தழை வந்தாலும் அதே பொம்மைதான். செட்டிங்கில ‘ஃபிஷ் ஐடி’ன்னு இருக்கும், அதை நிறுத்து.

இன்னொண்ணு, ஒலி அனுப்புற சென்சாரை எஞ்சின் விசிறிக்கு நேரா மாட்டியிருந்தா நுரையைத்தான் காட்டும். பேட்டரியிலேர்ந்து கருவிக்குத் தனி ஒயர் இழு, எஞ்சின் ஒயரோட சேர்த்துக் கட்டாதே.

மீன்வளப் பொறியியல் நாகை:
அண்ணா, நீங்க ஏமாந்ததுக்குக் காரணம் நெட்டி. கூரல் மீன்லேர்ந்து எடுத்துக் காயவெச்சு நல்ல விலைக்கு விக்கிறாங்களே, அதே நெட்டிதான், மீனோட காற்றுப்பை. மீன் சதை கிட்டத்தட்ட தண்ணி மாதிரி, ஒலி அதுல பெரும்பகுதி ஊடுருவிப் போயிடும். காற்றுல பட்டாத்தான் பளிச்சுன்னு திரும்பும். நெட்டி உள்ள மீன்ல எதிரொலியில 90 சதவீதம் வரைக்கும் அதுலேர்ந்தே வருது.

வஞ்சிரத்துக்கு நெட்டி கிடையாது. சுறா, திருக்கைக்கும் கிடையாது. காரலுக்கு உண்டு, அது ராத்திரி மின்னுற வெளிச்சத்தைக்கூட அந்தப் பைதான் பிரதிபலிச்சு வெளியே விடுது. அதனால உள்ளங்கை அகலக் காரல் நூறு சேர்ந்து நின்னா திரை சிவந்துடும். அஞ்சு கிலோ வஞ்சிரம் குறுக்கே போனா மெல்லிய கீறல் மட்டும் விழும், சென்சிடிவிட்டியை, அதாவது மெல்லிய எதிரொலியையும் காட்டுற அளவை, குறைச்சு வெச்சிருந்தா அதுவும் தெரியாது. திரையில பலமா இருக்கறது பெரிய மீன்னு நினைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க.

பொம்மையை அணைச்சா சாதா சோனார்ல மீன் வளைவா வரும், அதைப் பத்தியும் சொல்லணும். சோனார் ஒலி கூம்பு மாதிரி இறங்குது. மீன் கூம்போட ஓரத்துல நுழையும்போது தூரம் கூட, நடுவுல குறைவு, மறுபடி ஓரத்துல கூட, அதான் வளைவா வருது. வளைவோட நீளம் மீன் எவ்வளவு நேரம் கூம்புக்குள்ள இருந்துச்சுன்னு காட்டும், மீனோட நீளத்தை இல்ல. நங்கூரம் போட்டு நின்னா அடியில சும்மா நிக்கிற கெளிறு மீன்கூடத் திரை முழுக்க நீளக் கோடா வரும். 20 டிகிரி கூம்பு 8 பாகத்துல சுமார் 5 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்குது.

டவுன் இமேஜிங்கில கற்றை முன்பின்னா ரொம்ப மெல்லிசு, அதுல வளைவு வராது, தனித்தனிப் புள்ளிதான். உங்க சிவப்புத் திட்டை அதுல பார்த்திருந்தா அரிசி தூவின மாதிரி பொடிப்பொடியா பிரிஞ்சிருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அதிராம்பட்டினம் வலைக்காரர்:
எங்க முத்துப்பேட்டைக் காயல்ல, கோரையாறு, பாமணியாறு வந்து விழுற இடத்துல, ஒரு மீட்டர் தண்ணிதான். கூம்பு அங்க 35 சென்டிமீட்டர் வட்டம், சாதா சோனார் எதுக்கும் ஆகாது. மடவை மீன் எஞ்சின் சத்தத்துக்கு முன்னாடியே விலகிடும். சைடு இமேஜிங் மட்டும்தான் உதவும். மீன் வெள்ளைப் புள்ளி, அதுக்கு வெளிப்பக்கம் கருப்பு நிழல். புள்ளியும் நிழலும் ஒட்டியிருந்தா மீன் தரையில கிடக்கு. விலகியிருந்தா மேல நிக்குது. நிழலோட உருவத்தைப் பாருங்க, பல சமயம் மீனைவிட நிழல்தான் தெளிவாச் சொல்லும். படகை நேராவும் ஒரே மெதுவான வேகத்துலயும் ஓட்டணும், திருப்பினா படம் இழுபட்டுடும்.

எங்க தாத்தா துடுப்பைத் தண்ணியில விட்டு மறுமுனையில காதை வெச்சுக் கேப்பார். கத்தாழை மீன் கத்துறது அதுல ஏறி வரும். நெட்டியை அதிரவெச்சுத்தான் அது கத்துது, இந்தத் தங்கச்சி நெட்டியைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் நினைவு வந்துச்சு. அந்த ஒரு மீனைத்தான் அவர் பார்க்காமலே பேர் சொல்வார். மத்ததுக்கெல்லாம் ஆழம் பார்த்துத் தூண்டில் இறக்கிப் பார்த்துட்டுத்தான் வலை விடுவார். தம்பியும் அதைச் செய்யணும். திரை இடத்தையும் ஆழத்தையும் காட்டும், பேரைத் தூண்டில்தான் சொல்லும்.

செருதூர் ஃபைபர்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து போயிட்டு வந்தேன். பொம்மையை அணைச்சாச்சு, சென்சாரைத் தள்ளி மாட்டியாச்சு. 9 பாகத்துல அதே மாதிரி சிவப்புத் திட்டு, டவுன் இமேஜிங்கில தங்கச்சி சொன்ன அரிசிப் பொடிதான். அஞ்சு முள் கட்டித் தூண்டில் இறக்கினேன். மூணு காரல். வலை விடாம நகர்ந்துட்டோம்.

தெற்கே போனதும் நடுத்தண்ணியில உருண்டையா ஒரு மீன் கூட்டம், மத்தின்னு நினைக்கிறேன். அதோட ஒரு பக்கம் பிய்ஞ்சு கிடந்துச்சு, பக்கத்துல சாய்வா நாலஞ்சு மெல்லிய கீறல். சென்சிடிவிட்டியை ஏத்தினப்புறம்தான் அதுவே தெரிஞ்சுது. இருட்டினதும் பெரிய கண்ணியை விட்டோம். வஞ்சிரம் ரெண்டு, பாறை மீன் ஒண்ணு.

பழையார் எஞ்சின்:
நல்லது தம்பி. அந்த இடத்துல தரைக்கோட்டுக்குக் கீழ, அதே ஆழம் இன்னொரு மடங்கு இறங்கி, ரெண்டாவது கோடு விழுந்துச்சா?

செருதூர் ஃபைபர்:
ஆமாண்ணே, லேசா விழுந்துச்சு. காரல் கிடைச்ச இடத்துல இல்ல.

பழையார் எஞ்சின்:
அப்ப அது கெட்டித் தரை, பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கலாம். ஒலி தரையில பட்டு மேல வந்து திரும்ப ஒரு தடவை இறங்கி வருது. சேத்துல அப்படி வராது. ஜி.பி.எஸ்.ஸில குறிச்சு வை, வாடை கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போய்ப் பாரு.