பந்தலில் சரியாக நிற்கிற ஆல்டோ, ஸ்டுடியோவில் ஏன் சுருதி இறங்குகிறது?

குடந்தைக்காரன்:
ஜாஸ் கற்று, கும்பகோணம் பக்கம் கல்யாண வரவேற்புகளில் ஆல்டோ சாக்ஸ் வாசிப்பவர் ஸ்டுடியோ செஷனுக்குப் போனால் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? பந்தலில் 2½ கட்டைக்குச் சரியாக நிற்கிற வாத்தியம் ஏசி ரூமில் இறங்குகிறது. ரீடு (மவுத்பீஸில் அதிர்கிற நாணல் தகடு) மாற்றியும் பயனில்லை. 'டி மேஜர்' என்றால் விரல் எங்கே போக வேண்டும் என்பதும் குழப்பம். தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்க.

சுருதிப்பெட்டி:
ரீடு மேல பழி போடாதீங்க தம்பி. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). மூச்சுச் சூட்டில் முதலில் கழுத்துதான் சூடாகும். பெல் பக்கம் சில்லென்றே கிடக்கும். அதனால்தான் கீழ் சுரங்கள் அதிகம் தொங்குது.

உடனே மவுத்பீஸை உள்ளே தள்ளிடாதீங்க. 2 மில்லிமீட்டர் தள்ளினால் கீழ் சுரத்தைவிட மேல் சுரம்தான் அதிகமா ஏறும், ஏன்னா அங்கே குழல் நீளம் குறைவு. முதலில் பத்து நிமிஷம் வாசிச்சு சூடாக்குங்க. பிறகு 440-க்கு (பியானோவின் ஏ சுரம், 440 ஹெர்ட்ஸ்) ட்யூன் பண்ணி, மவுத்பீஸ் மாட்டுகிற கழுத்துக் கார்க்கில் பென்சில் கோடு போட்டுக்கோங்க. பந்தலுக்கு ஒரு கோடு, ஏசிக்கு ஒரு கோடு. 32 பார் (தாள அளவு) வாசிக்காம சும்மா இருக்கிற இடத்தில், எல்லா கீயையும் மூடி சத்தமில்லாம வெதுவெதுப்பா ஊதிக்கிட்டே இருக்கணும்.

அரைக்கட்டை:
ஆல்டோ ஈ ஃபிளாட் வாத்தியம், அதாவது சி விரல் வச்சா பியானோவின் ஈ ஃபிளாட் கேட்கும். 2½ கட்டை ஆல்டோவில் சி விரல். அந்த ஒரே சுகத்தில் வருஷக்கணக்கா ஓட்டுறதுதான் சிக்கல். பியானோ டி, அதாவது 2 கட்டை, ஆல்டோவில் பி மேஜர்: ஐந்து ஷார்ப். 1 கட்டைக்கு ஏ, 5 கட்டைக்கு ஈ. பியானோ ஸ்கேலில் எத்தனை ஷார்ப்போ அதோடு மூன்று கூட்டுங்க, அவ்வளவுதான். தாள் கைக்கு வந்ததும் "கான்சர்ட்டா (பியானோ சுரத்திலேயே எழுதினதா), ஆல்டோவுக்கு மாத்தி எழுதினதா?"ன்னு கேட்டுடுங்க. கேட்கக் கூச்சப்பட்டால் முதல் டேக் வீண்.

வயலின்களோடு சேர்ந்து வாசிக்கிற வரியில் ஜாருவும் (சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) வைப்ரேட்டோவும் (சுரத்தை நடுக்குவது) வேண்டாம். சுரம் நேரா நிற்கணும். கர்நாடக சாக்ஸ் கலைஞர் கத்ரி கோபால்நாத் 1994-ல் 'டூயட்' படத்தில் வாசிச்ச மாதிரி கமகத்துக்கே கூப்பிடுகிற செஷன் வேற.

சுருதிப்பெட்டி:
மைக்கும் ஹெட்ஃபோனும் விட்டுப்போச்சு. பந்தல் பழக்கத்தில் பெல்லை மைக்குக்குள் விடாதீங்க. கீழ் சுரம்தான் பெல் வழியா வரும், மற்றது திறந்த துளைகள் வழியா வரும். மைக் ஒன்றரை அடி தள்ளி, இடது கை கீகள் பக்கம் பார்த்திருந்தால் ரெண்டும் சமமா விழும். ஒரு காதைத் திறந்து வச்சுக்கிட்டு வாசிக்கிறவங்க, அந்தக் கப்பைத் தலையோடு ஒட்டி அழுத்தி வைங்க. இல்லேன்னா ஹெட்ஃபோனில் வர்ற தாள க்ளிக் சத்தம் மைக்கில் ஏறிடும்.

ஜி ஷார்ப் பேட் (துளையை மூடுகிற தோல் மெத்தை) ஒட்டிக்கிச்சுன்னா எண்ணெய் விடாதீங்க. சிகரெட் பேப்பரை பேடுக்கு அடியில் வச்சு மெல்ல அழுத்தி, கீயைத் திறந்துட்டு எடுங்க. அழுத்தினபடியே இழுத்தால் தோல் கிழியும்.

குடந்தைக்காரன்:
நன்றி அண்ணா. ஐப்பசி ஈரத்தில் ரீடு பூஞ்சை பிடிக்குதே, அதுக்கு?

அரைக்கட்டை:
வாசிச்சதும் மவுத்பீஸிலிருந்து கழற்றித் துடைச்சு, கண்ணாடித் தகட்டில் தட்டையா காய விடுங்க. காய்ஞ்ச பிறகுதான் டப்பாவில் வைக்கணும். செஷனுக்குப் பழகின 2½ நம்பர் (ரீடோட கடினம், கட்டை இல்லை) ரீடு மூணு எடுத்துக்கிட்டுப் போங்க. புது ரீடை அன்னைக்குப் பிரிக்காதீங்க.