லோக்கல்ஹோஸ்ட் என்றால் யார்? சொந்தக் கணினியில் சமூக வலைத்தளம் நிறுவியவர்களின் அனுபவங்கள்

பதிவு 1

போன வாரம் மூன்று இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. காய்ச்சலும் இல்லை, கவலையும் இல்லை. மடிக்கணினியில் மாஸ்டடானை (ட்விட்டர் போன்ற ஒரு தளத்தை நாமே நடத்த உதவும் மென்பொருள்; பலருடைய சர்வர்களும் ஒன்றோடொன்று பேசும்) நிறுவிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ‘அரை மணி நேர வேலை’ என்று வீட்டில் என் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளுக்குள் ஓட்டும் டாக்கர் வழியாக முயன்றேன். ஒரே செயலி என்று நினைத்துத் திறந்தால் உள்ளே ஐந்து பேர் கூட்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். பக்கங்களைத் தரும் ரெயில்ஸ் செயலி, புதிய பதிவுகளை உடனுக்குடன் தள்ளும் ஸ்ட்ரீமிங், பின்னணி வேலைகளைச் சுமக்கும் சைட்கிக், தரவுத்தளமாக போஸ்ட்கிரெஸ், வேலை வரிசையை வைத்துக்கொள்ளும் ரெடிஸ். உள்ளமைவுக் கோப்பில் ரெடிஸ் எங்கே என்று கேட்ட இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’, என்று எழுதினேன். போஸ்ட்கிரெஸ் எங்கே? அதற்கும் லோக்கல்ஹோஸ்ட். எல்லாம் ஒரே மடிக்கணினிக்குள்தானே இருக்கின்றன!

‘127.0.0.1, போர்ட் 6379, இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. (127.0.0.1 என்பது லோக்கல்ஹோஸ்ட்டின் எண் முகவரி, போர்ட் என்பது ஒரு சேவையின் வாசல் எண்.) ரெடிஸோ பக்கத்துக் கன்டெய்னரில் நலமாக இருக்கிறது. அதன் லாகில், அதாவது இயக்கக் குறிப்பேட்டில், ஒரு குறையும் இல்லை. முதல் இரவில் கடவுச்சொல்லைச் சந்தேகித்தேன், ஃபயர்வாலைச் சந்தேகித்தேன், கடைசியில் என் கண்களையே சந்தேகித்தேன்.

விடிகிற நேரத்தில்தான் உறைத்தது. லோக்கல்ஹோஸ்ட் என்பது ‘நான்’ என்ற சொல்லைப் போன்றது. யார் சொல்கிறாரோ அவரைத்தான் குறிக்கும். ஒவ்வொரு கன்டெய்னரும் தனக்குத் தானே ஒரு கணினி என்பதால், ரெயில்ஸ் செயலி லோக்கல்ஹோஸ்ட்டில் ரெடிஸைத் தேடும்போது தன் சட்டைப் பைக்குள்ளேயே தேடுகிறது. எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஓட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் உள்ள சேவைப் பெயர்களை, அதாவது ‘டிபி’ என்றும் ‘ரெடிஸ்’ என்றும் எழுதியதும் மறு நொடியே இணைந்துவிட்டது.

இரண்டாம் இரவை உலாவி தின்றது. 3000ஆம் போர்ட்டைத் திறந்தால் அது என்னைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் துரத்துகிறது. அங்கே சான்றிதழ் இல்லை. புரொடக்‌ஷன் (உண்மைப் பயன்பாட்டு) முறையில் ஓட்டினால் மாஸ்டடான் பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கும் என்பதைப் படிக்காமல் விட்டது என் குற்றம். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை வாயில்காவலாக வைத்துச் சான்றிதழும் போட்டேன். இப்போது பக்கம் முடிவில்லாமல் தன்னையே சுற்றியது. வந்த கோரிக்கை ஏற்கெனவே பாதுகாப்பானதுதான் என்று என்ஜின்எக்ஸ் உள்ளே தெரிவிக்க வேண்டிய அந்த ஒரு வரித் தலைப்பை மறந்திருந்தேன்.

மூன்றாம் இரவு உள்ளே நுழைந்துவிட்டேன். வேறொரு சர்வரில் இருக்கும் நண்பரின் கணக்கை முழு முகவரியோடு தேடினேன், படத்தோடு வந்தது. பின்தொடர அழுத்தினேன். ‘கோரிக்கை அனுப்பப்பட்டது.’ இன்றுவரை அதே வாசகம்தான் நிற்கிறது. நண்பரோ தனக்கு ஒன்றுமே வரவில்லை என்கிறார். இது எதனால் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் கதைகளையும் எழுதுங்கள். என்னைப் போல் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

பதிவு 2

நண்பரே, நீங்கள் சொன்ன ‘நான்’ உவமையே உங்கள் கேள்விக்கும் விடை. இந்தச் சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரையாக வெளியிட்டது. உங்கள் சர்வர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு கையொப்பம் இருக்கும். அது உண்மையா என்று பார்க்க, எதிர்முனைச் சர்வர் உங்கள் கணக்கின் பொதுச் சாவியை உங்களிடமே வந்து வாங்கும். எங்கே வரவேண்டும்? நீங்கள் கொடுத்த முகவரி லோக்கல்ஹோஸ்ட். ‘என்னிடம் வந்து கேள்’ என்று நீங்கள் சொன்னது, அங்கே ‘உன்னிடமே கேட்டுக்கொள்’ என்று ஆகிவிட்டது.

நீங்கள் வெளியே போய்ப் பார்க்கலாம். அதனால்தான் தேடல் வேலை செய்தது. வெளியிலிருந்து உங்களிடம் யாரும் வர முடியாது. நான் இதே இடத்தில் ஒரு மாதம் முட்டிக்கொண்டு நின்றேன். சைட்கிக்கின் மறுமுயற்சிப் பட்டியலில் நூற்றுக்கணக்கான வேலைகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்து, ‘அடடா, என் தளம் எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது’ என்று மகிழ்ந்துகொண்டிருந்தவன் நான். எல்லாமே தோல்வியடைந்த வேலைகள்.

பதிவு 3

நான் பழைய ஆள். டாக்கர் இல்லாத காலத்தில் எல்க் என்ற சமூக வலைத்தள மென்பொருளை நிறுவினேன். பிஎச்பியில் எழுதியது, 2004இல் தொடங்கிய திட்டம். வலைச் சர்வரையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே நிறுவித் தரும் எக்ஸாம்ப் போட்டு, தரவுத்தளம் உருவாக்கி, படங்களுக்கான தரவு அடைவை வலைத்தள அடைவுக்கு வெளியே வைத்து (உள்ளே வைத்தால் உலாவியில் முகவரியைத் தட்டி எவரும் எடுத்துவிடலாம்), எல்லாம் ஒழுங்காகவே செய்தேன். கணினியில் அழகாக ஓடியது.

பெருமை தாங்காமல் அண்ணனைக் கூப்பிட்டு, ‘உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள்’ என்று 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். திறந்தது. ஆனால் வண்ணம் இல்லை, படம் இல்லை, வெள்ளைத் தாளில் நீல எழுத்தில் இணைப்புகளின் பட்டியல். ‘இதுதானா நீ ஒரு வாரமாகக் கட்டிய தளம்?’ என்று கேட்டார். அந்தப் பழைய பதிப்பில் தளத்தின் முகவரி நிறுவும்போதே தரவுத்தளத்தில் எழுதப்பட்டுவிடும். அலங்காரக் கோப்புகளை எல்லாம் லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து எடு என்று பக்கம் சொல்ல, கைப்பேசி தனக்குள்ளேயே தேடியிருக்கிறது. அட்டவணைக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்றினேன். அண்ணன் அதற்குள் சாப்பிடப் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு முகவரியில் கைப்பேசி வழியாகத் திறப்பவர்கள், அறிவிப்பும் கேமராவும் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சான்றிதழ் இல்லாத முகவரியில் உலாவி அவற்றைத் தராது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. எம்கேசெர்ட் என்ற சிறு கருவியால் வீட்டுக்கென்று ஒரு சான்றிதழ் உருவாக்கி, அதன் மூலச் சான்றிதழைக் கைப்பேசியிலும் ஏற்றிவிட்டால் தீரும்.

பதிவு 4

எந்தப் பெயருக்கு எந்த எண் முகவரி என்று கணினிக்குள்ளேயே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் வைத்த கதை என்னுடையது. லோக்கல்ஹோஸ்ட் அழகாக இல்லை என்று, எங்கோ படித்த பழைய குறிப்பைப் பார்த்து, ‘டெவ்’ என்று முடியும் ஒரு பெயரை 127.0.0.1க்குக் கொடுத்தேன். குரோம் அந்தப் பெயரைச் சாதாரண எச்டிடிபியில் திறக்கவே மறுத்தது. ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. அப்போது ஒரு நாள் முழுக்க என்ஜின்எக்ஸைக் குதறினேன். அதன் மீது ஒரு பிழையும் இல்லை. ‘டெவ்’ என்பது, ‘காம்’ போல, இணையத்தில் உண்மையாகவே உள்ள உயர்மட்டப் பெயர். அதன் கீழுள்ள எல்லாவற்றுக்கும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்பது 2017 முதல் உலாவிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

‘லோக்கல்’ என்று முடித்தாலும் வம்பு. அது வீட்டு வலைக்குள் கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கு ஒதுக்கியது. ‘டெஸ்ட்’ என்று முடியுங்கள். 1999இலேயே இதற்கென்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். யாருக்கும் விற்க மாட்டார்கள்.

பதிவு 5

என்னுடையது சுருக்கம். 1 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டி. மாஸ்டடானின் முகப்புக் கோப்புகளைத் தொகுக்கும்போது எந்த விளக்கமும் இல்லாமல் நின்றுவிடும். 137 என்ற எண் மட்டும் மிஞ்சும். நினைவகம் தீர்ந்ததால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கழுத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். வட்டில் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் கொடுத்ததும் முனகிக்கொண்டே முடித்தது.

பிறகு மாஸ்டடானோடு பேசக்கூடிய, அதைவிடச் சிறிய மென்பொருளான கோடுசோஷியலுக்கு மாறினேன். ஒரே இயங்கு கோப்பு, தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் போதும். பத்து நிமிடத்தில் ஓடியது. மகிழ்ச்சியோடு உலாவியைத் திறந்தால் பதிவு எழுதப் பெட்டியையே காணோம்! அரை மணி நேரம் தேடினேன். எழுதுவதற்குத் தனியாக ஒரு செயலியை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆவணத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

பதிவு 6

தலைப்போடு ஒட்டாவிட்டாலும் எழுதுகிறேன். குடும்பத்துக்கு மட்டுமென்று ஒரு தளம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கம்போஸ் கோப்பு நானே எழுதியது. தரவுத்தளம், டாக்கர் தரவைச் சேமித்துவைக்கும் வால்யூமில் இருந்தது. ஒருநாள் ஏதோ சிக்கல், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொடங்கலாம் என்று ‘டவுன்’ கட்டளை கொடுத்தேன். கூடவே ‘மைனஸ் வி’. விவரமாகக் காட்டு என்று அர்த்தம் என நினைத்தேன். வால்யூம்களையும் அழி என்று அர்த்தம்.

படங்கள் தனி அடைவில் இருந்ததால் தப்பின. ஆனால் எந்தப் படத்தை யார் போட்டார், கீழே என்ன எழுதினார் என்பதெல்லாம் தரவுத்தளத்தோடு போயிற்று. புரியாத எழுத்துகளையும் எண்களையும் பெயராகக் கொண்ட கோப்புகள்தான் மிஞ்சின. அம்மா ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதுவார். அவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ‘தளம் பழுதாகியிருக்கிறது’ என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 7

பதிவு 6 எழுதியவரே, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வரிகளில் பாதி அவருக்கே நினைவிருக்கும்.

தொடங்கியவருக்கு ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லையா, வெளியுலகை வீட்டுக் கணினிக்கு அழைத்துவரும் டனல் போட்டுவிடலாம் என்று அடுத்துத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இலவச டனல் ஒன்று தற்காலிகப் பெயர் கொடுத்தது. அதையே மாஸ்டடானின் லோக்கல் டொமைனாக, அதாவது சர்வரின் பெயராக, எழுதினேன். அருமையாக வேலை செய்தது. நண்பர்கள் பின்தொடர்ந்தார்கள், பேசினோம். மறுநாள் கணினியை அணைத்து ஏற்றியதும் டனலுக்குப் புதுப் பெயர். பெயர் மாறினால் மற்ற சர்வர்களுக்கு நான் வேற்றாள். பழைய நான் அவர்கள் பட்டியலில் ஆவியாக இன்னும் உலவுகிறேன். எனக்கு அனுப்பும் பதில்கள் யாருமில்லாத வாசலைத் தட்டுகின்றன. அந்த ஒரு மதிப்பை முதலில் வைத்ததுதான், பிறகு மாற்றக்கூடாது என்று ஆவணத்திலேயே இருக்கிறது. விளையாடிப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே இரண்டு சர்வர்களை வைத்து விளையாடுங்கள்.

பதிவு 8

தொடங்கியவன்தான். பதிவு 7இல் சொன்னபடி இரண்டு மாஸ்டடான்களை ஏற்றிவிட்டேன். இரண்டுக்கும் ‘டெஸ்ட்’ என்று முடியும் பெயர்கள், எம்கேசெர்ட் சான்றிதழ்கள். மூலச் சான்றிதழை இரண்டு பக்கத்துக் கன்டெய்னர்களுக்குள்ளும் ஏற்றி, நம்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் ஒன்று மற்றொன்றிடம் பேச மறுத்தது. உள்வலை முகவரிகளுக்குக் கோரிக்கை அனுப்பக்கூடாது என்று மாஸ்டடானுக்குள் ஒரு காவல் இருக்கிறது. வெளியாள் எவரும் சர்வரை ஏவி வீட்டுக்குள் துழாவிவிடக்கூடாது என்பதற்காக. நியாயமான காவல்தான். அனுமதிக்கப்பட்ட தனி முகவரிகள் என்று உள்ளமைவில் ஓர் இடம் இருக்கிறது. அதில் டாக்கரின் உள்வலையைச் சேர்த்ததும் வழிவிட்டது.

நேற்று இரவு 11.40க்கு முதல் சர்வரிலிருந்து இரண்டாவதில் உள்ள கணக்கைப் பின்தொடர்ந்தேன். இரண்டு நொடியில் அங்கே மணி அடித்தது: ‘உங்களை ஒருவர் பின்தொடர்கிறார்.’ யாரென்று பார்க்க ஓடிப்போய்த் திறந்தேன். நான்தான்.