றியோ இலைச் செய்முறை: ஒரே இலை, ஒரே நுணுக்குக்காட்டி, விடை மட்டும் வேறு. உதவுங்கோ

உப்புவெளிப் பிள்ளை:
வணக்கம். திருகோணமலையில உயர்தர உயிரியல் படிக்கிறன். றியோ எண்ட அலங்காரச் செடியின்ர இலையில ஊதா மேற்றோலை உரிச்சு, சுக்குரோசுக் கரைசல்களில ஊறவிட்டுக் கரைய அழுத்தம் (கரைஞ்சிருக்கிற பொருளால நீரின்ர அழுத்தம் குறையிற அளவு) காணுற செய்முறை. நானும் சிநேகிதியும் ஆளுக்கொரு தொகுதி கரைசல் வீட்டில செய்து கொண்டுபோனம். சீனி நிறுத்தது ஒரே தராசில. இலையும் ஒண்டு, ஊறவிட்ட நேரமும் ஒண்டு. பாதிக் கலங்கள் முதலுருச்சுருக்கம் (தண்ணி இழந்து மென்சவ்வு சுவரை விட்டு விலகிறது) அடைஞ்சது அவளுக்கு 0.3 மூலரில, எனக்கு 0.2இல. மூண்டு தரம் செய்தும் அதே விடைதான். நான் எங்க பிழை விடுறன்? பதிவுப் புத்தகம் திங்கட்கிழமை குடுக்கோணும்.

கொட்டியாரம்:
உரிக்கேக்க கலங்கள் செத்திருக்கும் தங்கச்சி. சுருங்கினதுகளைத் திரும்பத் தண்ணியில போட்டுப் பாருங்கோ.

உப்புவெளிப் பிள்ளை:
போட்டனான் அண்ணா. பத்து நிமிசத்தில ஊதா நிறம் திரும்பவும் சுவர் வரைக்கும் நிரம்பிட்டுது.

கொட்டியாரம்:
அப்ப மென்சவ்வு உயிரோடதான் இருக்கு. செத்த கலத்தில சாயம் வெளியில கசிஞ்சிருக்கும். நான் சொன்னது பிழை.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
மகள், எண்ணின கணக்கு முழுவதையும் போடுங்கோ. 0.2 எண்ட விடை மட்டும் போதாது.

உப்புவெளிப் பிள்ளை:
எனக்கு: 0.1இல 100க்கு 5 கலம், 0.2இல 51, 0.3இல 94, 0.4இல எல்லாம்.
அவளுக்கு: 0.1இல ஒண்டுமில்லை, 0.2இல 6, 0.3இல 49, 0.4இல 95.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
இரண்டு வரிசையையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக எழுதிப் பாருங்கோ. உங்கட கணக்கு அப்படியே ஒரு படி முன்னுக்கு வந்திருக்கு, வடிவம் மாறேல்லை. எண்ணுறதில பிழையெண்டால் தாறுமாறாகச் சிதறியிருக்கும். சீனியை இரண்டு மடங்கு போட்டிருந்தால் 0.15இலேயே பாதி வந்திருக்கும், மேல போகப் போக இடைவெளியும் கூடும். இங்க எல்லாப் போத்தலுக்கும் ஒரே அளவாக, 0.1 மூலர் சீனிக்குச் சமனான ஏதோ ஒண்டு கூடியிருக்கு. எல்லாத்துக்கும் பொதுவானது தண்ணி. எந்தத் தண்ணி?

உப்புவெளிப் பிள்ளை:
எங்கட கிணத்துத் தண்ணி ரீச்சர். குழாய்த் தண்ணியில குளோரின் மணக்கும், கலத்துக்குக் கூடாது எண்டு நினைச்சன். அவள் பாலையூற்றில, குழாய்த் தண்ணிதான் எடுத்தவள். ஆனா வெறும் கிணத்துத் தண்ணியிலயும் ஒரு துண்டு போட்டுப் பாத்தனான். ஒரு கலமும் சுருங்கேல்லை.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
வெறும் தண்ணியில பாத்தது நல்ல வேலை. ஆனால் அந்தச் சோதனைக்கு இந்தப் பிழை பிடிபடாது. இந்த இலைக்கு 0.3 மூலர் அளவு வந்தால்தான் கலம் வீக்கம் முழுக்க இழந்து சுருங்கத் தொடங்கும். 27 பாகை செல்சியசில அந்தக் கரைசலின்ர கரைய அழுத்தம் ஏறத்தாழ −750 கிலோபஸ்கால். கிணத்து உப்பு தனிய அதில மூண்டில ஒரு பங்குதான், கலம் தாங்கும். 0.2 மூலர் சீனியும் அதோட சேரேக்கதான் எல்லையைத் தொடும்.

உப்பு கொஞ்சம்தானே எண்டு நினைக்காதேங்கோ. லீற்றருக்கு 3 கிராம் சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 0.05 மூலர். அது கரைஞ்சு இரண்டு அயன்களாகப் பிரியும், அப்ப துணிக்கைக் கணக்கில 0.1. அதே வேலையைச் செய்ய 34 கிராம் சீனி வேணும். பிரசாரணத்துக்கு (மென்சவ்வுக்குள்ளால தண்ணி போய்வாறதுக்கு) நிறை முக்கியமில்லை, எத்தனை துணிக்கை எண்டதுதான் கணக்கு.

பெற்றோல் செற்றில பற்றரித் தண்ணி எண்டு காய்ச்சி வடிச்ச தண்ணி விக்கும். ஒரு போத்தல் வாங்கி, 0.2 கரைசலை இரண்டு விதமாச் செய்யுங்கோ: ஒண்டு கிணத்துத் தண்ணியில, மற்றது அதில. இலை ஒண்டாகவே இருக்கட்டும்.

நிலாவெளியான்:
எங்கட பக்கத்தில உப்பளமே இருக்கு. ஆவணி வெயிலில கிணறு வத்த வத்த உவர் கூடும், மாரியில மழை பெய்ய இறங்கும். அதே கிணத்தில தை மாசம் செய்திருந்தா வேற விடை வந்திருக்கும் தங்கச்சி.

உப்புவெளிப் பிள்ளை:
இண்டைக்குச் செய்திட்டன் ரீச்சர். கிணத்துத் தண்ணி 0.2இல 53 கலம். பற்றரித் தண்ணி 0.2இல 5! 0.3உம் செய்தன், 50. அம்மா கிணத்துத் தண்ணியைத் தாச்சியில வத்தக் காய்ச்சிக் காட்டினவ, அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கு.

ஒரு சந்தேகம் மிச்சம். சுருங்கின கலத்தில சுவருக்கும் மென்சவ்வுக்கும் நடுவில தெரியிற இடைவெளியில என்ன இருக்கு? காத்தா?

ஓய்வுபெற்ற ரீச்சர்:
காத்தில்லை, வெளிக் கரைசல்தான். செலுலோசுச் சுவர் சீனியையும் உப்பையும் தடுக்காது. தடுக்கிறது உள்ளுக்கு இருக்கிற மென்சவ்வு. பரீட்சையில கேக்கிற இடம் இது.

பதிவில முதல் எடுத்த கணக்கையும் அழிக்காமல் எழுதுங்கோ, பக்கத்தில தண்ணியின்ர விபரத்தோட. இன்னொண்டு, வீட்டு றியோவுக்கும் அந்தக் கிணத்துத் தண்ணிதானே ஊத்துறீங்கள்? உவர்த் தண்ணி குடிக்கிற செடி புன்வெற்றிடத்தில (கலத்துக்குள்ள சாறு இருக்கிற பையில) கரையங்களைக் கூட்டிக்கொள்ளும். அதின்ர இலையில எடுத்தால் விடை 0.3ஐத் தாண்டவும் கூடும். பள்ளிக்கூடத்து இலையோட அதைக் கலந்திடாதேங்கோ.

உப்புவெளிப் பிள்ளை:
அப்ப வீட்டு இலையைத் தனியா, பற்றரித் தண்ணியில செய்து பாக்கிறன் ரீச்சர். போத்தலில இன்னும் பாதி கிடக்கு.