‘காப்பு நிலை’ என்ற சொல் பொருந்துமா? ஒரு மரத்தவளையை முன்வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெப்பமண்டல மரத்தவளைகளைப் பற்றிய பதிவுகளில் ‘கன்சர்வேஷன் ஸ்டேட்டஸ்’ (ஓர் இனம் அற்றுப்போகும் ஆபத்து எந்த அளவில் உள்ளது என்பதைச் சொல்லும் குறிப்பு) என்பதற்கு எந்தச் சொல்லை ஆளலாம் என்று முதல் மடலில் கேட்கப்பட்டிருந்தது. ‘காப்பு நிலை’ என்பது விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே வழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். ‘பாதுகாப்பு நிலை’ என்றால் பள்ளி மாணவருக்கும் புரியும் என்றார் மற்றொருவர். இரண்டின் மீதும் எனக்கு ஒரே தடைதான் இருக்கிறது. அதை அகராதியைக் கொண்டு விளக்குவதைவிட ஒரு தவளையைக் கொண்டு விளக்குவது எளிது.

பனாமா நாட்டின் நடுப்பகுதியில், எல் வாயே தெ அந்தோன் என்ற ஊரைச் சூழ்ந்த மலைக்காடுகளில் மட்டுமே அறியப்பட்ட ஒரு மரத்தவளைக்கு எக்னோமியோஹைலா ரேபோரம் என்று பெயர். உயர்ந்த மரங்களின் கவிகையில் வாழ்ந்து, விரல்களுக்கிடையே விரிந்த சவ்வின் உதவியால் மரத்திலிருந்து சறுக்கிப் பறந்து இறங்கும் இத்தவளை, நீர் தேங்கிய மரப்பொந்துகளில் முட்டையிடும். ஆண் தவளை பொந்தைக் காத்து நிற்க, தலைப்பிரட்டைகள் தந்தையின் முதுகுத் தோலைச் சுரண்டித் தின்று வளரும். தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை மத்திய அமெரிக்க மலைகளில் படிப்படியாகப் பரவி வந்ததைக் கண்ட ஆய்வாளர்கள், அது அந்த ஊரை எட்டுவதற்கு முன்பே, 2005-இல், சில தவளைகளைப் பிடித்து அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குக் கொண்டுசென்றார்கள். பூஞ்சை 2006-இல் வந்து சேர்ந்தது. 2007-இல் ஒரே ஓர் ஆண் தவளையின் குரல் காட்டில் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. தனி இனமாக அறிவியல் உலகுக்கு இது விவரிக்கப்பட்டதே 2008-இல்தான். அட்லாண்டாவில் இருந்தவற்றில் கடைசிப் பெண் 2009-இலும், இரண்டு ஆண்களில் ஒன்று 2012-இலும் இறந்தன. ‘டஃபி’ என்று அழைக்கப்பட்ட கடைசி ஆண், 2016 செப்டம்பர் 26 அன்று அந்நகரின் தாவரவியல் பூங்காவில் இறந்தது.

இப்போது ‘காப்பு நிலை’ என்ற கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். 2015-இல் இந்த இனத்தில் உயிரோடு இருந்ததாக நாம் அறிந்த ஒரே தவளை, நோய்க்கிருமி அண்டாத தனி அறையில், நாள்தோறும் கவனிக்கப்பட்டு, வேறெந்தத் தவளைக்கும் கிட்டாத அளவு காப்போடு இருந்தது. அந்தக் காப்பு உச்சத்தில் இருந்தபோதுதான் இனத்தின் நிலை அதலபாதாளத்தில் இருந்தது. ‘காப்பு நிலை: மிக மோசம்’ என்று எழுதினால், தவளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றுதான் தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். ‘பாதுகாப்பு நிலை’ என்றால் இன்னும் மோசம். அச்சொல் கேட்டவுடன் காவலும் வேலியும்தான் மனத்தில் வரும்.

இது ஆங்கிலத்திலேயே உள்ள குறை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தக் குறையை நாமும் சுமக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உயிரினங்களை இப்படி வகைப்படுத்தும் பட்டியலான, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் எதை அளக்கிறது என்று அதன் வரையறைகளைப் பார்த்தாலே சொல் கிடைத்துவிடுகிறது. 2001-இல் வெளியிடப்பட்ட 3.1 பதிப்பின்படி, நாம் இன்று ‘மிக அருகிய’, ‘அருகிய’, ‘அழிவாய்ப்பு’ என்று எழுதும் மூன்று வகைகளுக்கும் வரையறை ஒரே அச்சில் வார்த்தது: இயலிடத்தில் அற்றுப்போகும் இடர் முறையே அளவு கடந்து உயர்ந்தது, மிக உயர்ந்தது, உயர்ந்தது. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றுள் எது நீண்டதோ அதற்குள், எண்ணிக்கை 80 விழுக்காடு குறைந்திருக்கிறதா, பரவல் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கித் துண்டுபட்டு மேலும் சீரழிகிறதா, முதிர்ந்த உயிரிகள் 50-க்கும் குறைவா என்பன போன்ற கேள்விகளுக்கு வரும் விடையே ஓர் இனத்தை முதல் வகையில் சேர்க்கிறது. சட்டம் அதைக் காக்கிறதா என்ற கேள்வி அவற்றுள் இல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘அழிவிடர் நிலை’. அழிவு, இடர் என்ற இரண்டும் எல்லோரும் அறிந்த சொற்கள். ‘பேரிடர் மேலாண்மை’ என்ற வழக்கு வந்த பிறகு, இடர் என்பது துன்பத்தை மட்டுமன்றி நேரக்கூடிய கேட்டையும் குறிக்கும் என்பது செய்தித்தாள் வாசிக்கும் அனைவருக்கும் பழகிவிட்டது. ‘இன அழிவிடர்’ என்று முன்னொட்டும் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். வேண்டாம் என்றே நினைக்கிறேன். ‘இன அழிவு’ என்ற தொடரைத் தமிழில் படிக்கும்போது தவளை நினைவுக்கு வராது. அந்தச் சொல்லுக்கு வேறு சுமை இருக்கிறது.

‘காப்பு நிலை’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அச்சொல்லுக்கு உரிய வேலை வேறொன்று இருக்கிறது. ஓர் இனத்துக்குச் சட்டமும் உடன்படிக்கையும் என்ன காவல் தந்திருக்கின்றன என்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சிவந்த கண்களால் உலகெங்கும் படங்களில் அறியப்பட்ட அகாலிக்னிஸ் காலிட்ரயாஸ் என்ற மரத்தவளை, செம்பட்டியலில் கவலை குறைந்த இனம். ஆயினும் வளர்ப்புக்காகப் பெருமளவில் விற்கப்படுவதால், அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் 2010-இல் சேர்க்கப்பட்டது. அதன் அழிவிடர் குறைவு, காப்பு நிலை உண்டு. இதற்கு நேர்மாறாக, 2010-இல் விவரிக்கப்பட்டபோது ஆனைமுடி உச்சியின் சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டுமே அறியப்பட்டிருந்த ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ் என்ற செம்மஞ்சள் நிறத் தவளை, இரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருந்தும் மிக உயர்ந்த இடர்வகையில் வைக்கப்பட்டது. ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தினால் இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதவே முடியாமல் போகும்.

அந்த ஆனைமுடித் தவளையே ‘அருகிய’ என்ற சொல்லின் சிக்கலையும் காட்டுகிறது. அருகுதல் என்றால் குறைதல், அரிதாதல். இலக்கணத்தில் ‘அருகிய வழக்கு’ என்போமே, அதே அருகல். ‘அருகிய இனம்’ என்னும்போது பெயரெச்சம் இறந்தகாலத்தில் நிற்பதால், முன்பு மிகுதியாக இருந்து இப்போது குறைந்துவிட்டது என்று பொருள்படுகிறது. விவரிக்கப்பட்டபோது ஒரு மலையுச்சியைத் தவிர வேறெங்கும் வாழ்ந்ததாக அறியப்படாத தவளை எதிலிருந்து அருகியது? செம்பட்டியலின் வகைப்பாடு இனிமேல் நடக்கக்கூடியதைப் பற்றியது. அருகிய என்பதோ நடந்துமுடிந்ததைப் பற்றியது. இருந்தும் இச்சொல்லை மாற்றும்படி நான் கேட்கப்போவதில்லை. ‘அருகி வரும் உயிரினங்கள்’ என்று நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கினால் மண்ணோடு வரும்.

‘அழிவாய்ப்பு’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. வாய்ப்பு என்பது வாய்க்க வேண்டும் என்று விரும்புவதைக் குறிக்கும் சொல். வேலை வாய்க்கும், வரன் வாய்க்கும், மழை வாய்க்கும். அழிவு வாய்க்காது. போதாக்குறைக்கு, அதை ‘அழிவு ஆய்ப்பு’ என்று பிரித்துப் படித்துவிட்டு, ஆய்ப்பு என்றால் என்ன என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டதும் உண்டு. அதற்கு மாற்றாக ‘இடருறு இனம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அப்படி வைத்தால், மூன்று வகைகளையும் ஒருசேரக் குறிக்கும் ‘திரெட்டண்ட்’ என்ற தொகைச்சொல்லுக்கும் இதுவே பொருந்துமே என்ற சிக்கல் எழுகிறது. அந்தத் தொகைச்சொல் அடிக்கடி தேவைப்படுவது. 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 8,011 நீர்நில வாழ்வன இனங்களில் 40.7 விழுக்காடு இந்த மூன்று வகைகளுக்குள் வருகின்றன என்ற செய்தியைச் சொல்லவே அது வேண்டும். தொகைக்கு ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ என்ற இன்றைய வழக்கைத் தொடர்ந்துவிட்டு, ‘இடருறு’ என்பதை ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கினால் குழப்பம் தீரும். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

‘அழிவிடர் நிலை’ மீது வரக்கூடிய எதிர்ப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்கும் காணப்படும் ஒரு தவளையின் பக்கத்தில் ‘அழிவிடர்’ என்று தலைப்பிடுவது வீண் பீதி அல்லவா என்று கேட்கலாம். கடன் நிலுவை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறோம். அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை. இன்னொரு தடை இதைவிட வலியது. முற்றிலும் அற்றுவிட்ட இனத்துக்கு இனி இடர் ஏது? இங்கே என் சொல் ஒழுகுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செம்பட்டியலின் ஒன்பது வகைகளில் அந்த ஒன்றுக்காக மற்றவற்றில் பொருந்துவதைக் கைவிடத் தேவையில்லை என்பதுதான் என் பதில்.

கடைசியாக, பனாமாத் தவளைக்கே வருகிறேன். டஃபி இறந்த பிறகும் செம்பட்டியல் இந்த இனத்தை ‘அற்றுவிட்டது’ என்று எழுதவில்லை. மிக அருகிய வகையிலேயே வைத்து, அற்றுப்போயிருக்கும் சாத்தியத்தைக் குறிக்கும் ஒரு துணைக்குறியை இணைத்திருக்கிறது. உயர்ந்த மரக்கவிகையில் வாழும் தவளையைத் தேடிக் காணாததால் மட்டும் அது இல்லை என்று அறுதியிட முடியாது. 1874-க்குப் பிறகு காணப்படாத மேற்குத் தொடர்ச்சி மலையின் ராவோர்செஸ்டஸ் சாலசோடஸ், மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டதும், பிறகு அது நாணல் மூங்கிலின் கணுவிடைக்குள் நுழைந்து முட்டையிடுவது தெரியவந்ததும் நினைவிருக்கலாம்.

அந்தத் துணைக்குறிக்கு ‘ஐயத்துக்குரிய அழிவு’, ‘சாத்தியமான அழிவு’ என்றெல்லாம் பெயர்த்தொடர் கட்ட வேண்டியதில்லை. தமிழ் வினையே அதைச் சுமக்கும். ‘அற்றுப்போயிருக்கலாம்’ என்று எழுதலாம்தான், ஆனால் ‘-லாம்’ என்பது இசைவையும் குறிப்பதால் ‘கூடும்’ என்பதையே தேர்ந்தேன். நான் திருத்தி வைத்திருக்கும் பதிவில் அந்த வரி இப்படி இருக்கிறது:

எக்னோமியோஹைலா ரேபோரம். அழிவிடர் நிலை: மிக அருகிய இனம், அற்றுப்போயிருக்கக்கூடும்.