பொருள்: மறுமொழி: குயில் கடிகாரமா, கூவுகடிகாரமா?

நண்பர்களுக்கு வணக்கம். மணிக்கு மணி பொம்மைப் பறவை வெளியே வந்து கூவும் 'cuckoo clock' பற்றிய என் கட்டுரைக்குத் தமிழ்ச்சொற்கள் தேடுகிறேன். 'கூவுகடிகாரம்' என்ற என் சொல்லுக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'குயில் கடிகாரம்' என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் தவறாகப் புரிகிறது. நம் வேப்பமரத்துக் குயிலின் குரல் கூவக் கூவ மேலேறிக்கொண்டே போகும். ஜெர்மனியின் கருங்காடு (Black Forest) என்னும் மலைப்பகுதியில் செய்யும் இந்தக் கடிகாரத்தில் இருப்பது அதன் ஐரோப்பிய உறவுக்காரப் பறவை. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், அவ்வளவுதான். ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு மரக்குழல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் துருத்தி. கம்பி ஒன்று துருத்தியின் மூடியைத் தூக்கி விடுகிறது. மூடி தன் எடையில் இறங்க, காற்று குழலுக்குள் புகுந்து 'குக்' என்கிறது. அடுத்த துருத்தி 'கூ'. விரலாலும் தூக்கிவிடலாம். அரை நாள் அதே வேலையாக இருந்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

> அப்படியானால் 'துருத்திக் கடிகாரம்'?

நல்ல சொல்தான். ஆனால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களில் துருத்தியே கிடையாது, பதிவு செய்த குரல்தான். எனவே 'கூவுகடிகாரம்' என்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவில் 'க்' வேண்டாம். கால்மணிக்கு ஒருமுறை காடையும் குரல் கொடுக்கும் கடிகாரங்கள் உண்டு, அவையும் இதற்குள் அடங்கிவிடும்.

சிக்கல் அடுத்ததில்தான். இன்றைய கலைஞர்கள் செய்யும் புதுவகைகளை எப்படி அழைப்பது? 'நவீனக் கடிகாரம்' என்றால் வழுக்கும். நாம் மரபு என்று நினைக்கும் கூரைவீட்டு வடிவமே 1850இல் போட்டிக்கு வந்ததுதான். கருங்காட்டு ஊரான ஃபுர்ட்வாங்கனில் கடிகாரப் பள்ளியை நடத்திய ராபர்ட் கெர்விக் புது வடிவங்கள் கேட்டார். கட்டடக் கலைஞர் ஃபிரீட்ரிஷ் ஐசன்லோர் ரயில்பாதைக் காவலர் வீட்டைக் கடிகாரமாக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அதுதான் நவீனம்!

'மறுவடிவமைப்பு' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. பழையதன் குறையைத் திருத்தியது போலத் தொனிக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் ஓவியர் கீடோ சிம்மர்மன் கூரைவீட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் அடுக்குமாடியை வைக்கிறார். பால்கனிகளில் டிஷ் ஆன்டெனா, காயும் துணி. ஸ்டெஃபான் ஸ்ட்ரும்பெல் செதுக்கு வேலைப்பாட்டுக்குள் ஆயுதங்களை நுழைத்து, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசுகிறார். இதில் எங்கே திருத்தம்? பழைய கதையை வேறு வாயால் சொல்கிறார்கள்.

அதனால் 'மறுபுனைவு'. இது கதைக்கு மட்டும் உரிய சொல் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். மாலையும் புனைகிறோம், வேடமும் புனைகிறோம். கடிகாரம் மட்டும் என்ன பாவம் செய்தது? 'மாற்றுரு' எனக்கும் பிடித்ததுதான், ஆனால் மொழியியலார் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

சங்கிலியில் தொங்கும் பைன் காய் வடிவ எடைகளுக்குக் 'காய்க்குண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. வேறு சொல் இருந்தால் இன்றிரவுக்குள் அனுப்புங்கள்; கட்டுரையை நாளை கொடுத்தாக வேண்டும்.